படர்க்கையில் ஓர் அண்ணன்

3 ஜூன் 1946, திங்கள்

காலையிலேயே மேல்காற்று. மேஜையில் கரிசல் தூள். துடைக்கத் துடைக்கப் படிகிறது. மைக்கூட்டை மூடி வைத்து, தொடும்போது மட்டும் திறக்கிறேன்.

நாவல், அத்தியாயம் 3, மூன்றாவது தடவை. முதலில் "நான்". பிறகு "அவன்". இன்று மறுபடி "நான்". மத்தியானத்துக்குள் நாலு பக்கம் எழுதி அடித்தாயிற்று.

கதையில் கோளாறு இல்லை. திருச்சுழிப் பக்கத்துக் கிராமம். ஒருவன் கல்யாணமான மறு வருஷம் மலேயாவுக்கு, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலைக்குப் போகிறான். ஜப்பான்காரன் வந்த பிறகு கடிதம் இல்லை. சண்டை முடிந்தும் இல்லை. என் அண்ணன் கதைதான். பெயரைக்கூட இன்னும் மாற்றவில்லை. சாமுவேல் என்றே போகிறது. அச்சுக்கு முன் மாற்றிக்கொள்ளலாம்.

கோளாறு, யார் சொல்வது என்பதில். இங்கிலீஷில் இதற்குப் பெயர் உண்டு. தமிழில் நான் "யார் சொல்வது" என்றே வைத்துக்கொள்கிறேன்.

என் கையெழுத்து எனக்கே பாதிதான் புரியும். நல்ல பிரதி எடுப்பது மதினி, அண்ணன் மனைவி. மிஷன் போர்டிங்கில் எட்டாவது வரை. அச்சுப்போல எழுத்து. மத்தியான வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறாள். இன்றுதான் முதல் இரண்டு அத்தியாயப் பிரதியை வாசித்தேன்.

நான் எழுதியது: சாமுவேல் மண்வெட்டியைக் கீழே போட்டான். அவன் முகத்தில் புழுதி.

பிரதியில்: (இடைவெளி) மண்வெட்டியைக் கீழே போட்டார்கள். அவர்கள் முகத்தில் புழுதி.

முப்பத்தாறு பக்கமும் இப்படி. ஊரே திரண்டு ஒரு மண்வெட்டியைப் போட்ட மாதிரி. பெயர் வரும் இடமெல்லாம் ஒரு விரற்கடை வெற்றிடம்.

"மதினி, கதையில 'அவன்'னுதான் வரும்."

"நேர்ல அண்ணன 'அவன்'னு சொல்லுவீகளா?"

"நேர்ல சொல்ல மாட்டேன்."

"பெறகு பேப்பர்ல மட்டும் எப்பிடி வருது?"

"எல்லா நாவல்லயும் அப்பிடித்தான்."

"எல்லா நாவலையும் நான் எழுதலையே. கதை உங்களுது, கை என்னுது."

"பேரு இருக்க எடத்துல?"

"அத நீங்க நெரப்பிக்கிடுங்க. உங்களுக்குத்தான் வாய் கூசாதே."

கோபம் வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. அத். 3 அப்படியே கிடக்கிறது.

4 ஜூன், செவ்வாய்

வெயில். காற்று நிற்கவில்லை. மண்ணெண்ணெய் பங்கீடு குறைவு, ஆகவே எழுத்து பகலில் மட்டும். இருட்டினால் படுக்கை.

சாயங்கால ஜெபத்தில் வேத வாசிப்பு மதினி முறை. அண்ணன் பெயரே உள்ள தீர்க்கதரிசி. பெயர் வந்த இடத்தில் நிறுத்தாமல், தடுமாறாமல் "அவுக" என்று வாசித்துப் போனாள். எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பெரியவர். எங்கள் வீட்டில் மட்டும் மதினிக்குப் புருஷன் முறை. அப்பா கண்ணை மூடிக்கொண்டே இருந்தார். மிஷன் பள்ளியில் முப்பது வருஷம் வாத்தியார். ஒரு எழுத்து பிசகினாலும் பிரம்பை எடுத்தவர். இதற்கு மட்டும் ஒன்றும் சொல்வதில்லை.

ஜெபம் முடிந்து பழைய பேச்சு. போதகர் கொண்டுவந்த விண்ணப்பத் தாள் அலமாரியில். மதுரை டிரெயினிங் பள்ளிக்கூடம், இரண்டு வருஷம், பிறகு உபாத்தியாயினி வேலை. போன வருஷம் மதினியே மாட்டேன் என்றாள். "அவுக வந்து நிக்கிறப்ப நான் இல்லாம வீடு கெடக்கணுமா?" இந்த வருஷம் விட்டால் வயது தாண்டிவிடும். 20ஆம் தேதிக்குள் தாள் மதுரையில் இருக்க வேண்டும். கணவர் சம்மதக் கையெழுத்து வேண்டும். அவர் இருக்கும் இடம் தெரியாவிட்டால் மாமனார் கையெழுத்து.

இந்தத் தடவை மதினி மாட்டேன் என்று சொல்லவில்லை. அப்பாதான்: "போட மாட்டேன்மா. பெரியவன் வந்து, 'யாரக் கேட்டு அனுப்புனீக'ன்னா நான் என்ன சொல்ல?"

"சரி மாமா."

அந்தச் "சரி"யில் ஒன்றும் இல்லை. நாவலில் இதை எப்படி எழுதுவது. குரல் தழுதழுத்தது என்று எழுதுவார்கள். தழுதழுக்கவில்லை.

6 ஜூன், வியாழன்

ஒரு வரியும் இல்லை. நகம் வெட்டினேன். பேனாமுள் மாற்றினேன்.

கல்லூரியில் பேராசிரியர் கரும்பலகையில் மூன்று வட்டம் போட்டார். சின்ன வட்டம், தன் கதையைத் தானே சொல்பவன். நடு வட்டம், ஒருவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பவன். பெரிய வட்டம், எல்லாம் அறிந்தவன். நோட்டில் அழகாக வரைந்துகொண்டேன். இங்கிலீஷில் அந்தப் பெரிய வட்டக்காரனுக்கு ராஜாவும் ஒரு "அவன்", தோட்டியும் ஒரு "அவன்". தமிழில் வாயைத் திறந்த உடனே "போட்டான்" என்பதா, "போட்டார்" என்பதா, "போட்டாக" என்பதா என்று முடிவு செய்தாக வேண்டும். செய்த அந்த நிமிஷமே சொல்பவன் மாட்டிக்கொண்டான்: அண்ணனுக்கு மூத்தவனா, இளையவனா, மனைவியா, ஊரானா. வட்டத்துக்கு வெளியே நிற்க இடமே இல்லை.

மெட்ராஸில் படிக்கும்போது இது தோன்றவில்லை. அங்கே எல்லோரும் எனக்கு "அவன்"தான்.

நாளை அருப்புக்கோட்டை. தாள் வேண்டும், மை வில்லை வேண்டும்.

7 ஜூன், வெள்ளி

கரிப்புகையில் ஓடும் கேஸ் பஸ். வழியில் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினோம். மஞ்சள் புல்ஸ்கேப் தாள் ஒரு தஸ்தா. மை வில்லை ஆறு. சவரக் கத்தி இல்லை.

எழுத வேண்டியது இது.

பஸ்ஸுக்குக் காத்திருந்த டீக்கடையில் வீரசோழன் ஊர் ராவுத்தர் ஒருவர். பினாங்கில் கடை வைத்திருந்தவர், போன மாதம் கப்பலில் திரும்பியவர். வெகு நேரம் என்னையே பார்த்தார்.

"வாத்தியார் மகன்தான? சாமுவேலு தம்பி?"

"ஆமா."

"சாடை அப்பிடியே இருக்கு. அவரு இருக்காரு தம்பி." டீயை ஆற்றினார். "சொகமா இருக்காரு."

எனக்கு அப்பொழுது சந்தோஷம்தான். முழு சந்தோஷம். எழுந்தே விட்டேன்.

"உக்காருங்க. ஈப்போ பக்கம் ஒரு தோட்டம். ஜப்பான்காரன் ஆளு பிடிச்ச நாள்ல ஒரு வீட்டுல ஒளிச்சு வச்சிருந்திருக்காக. தமிழாளுகதான், அங்கனயே பெறந்து வளந்த சனம். அந்த வீட்டுப் பொண்ணு. இப்ப ரெண்டு புள்ளைக."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே அந்த வீட்டுல சோறு தின்னேன். அந்தப் பொண்ணுதான் போட்டுச்சு."

கடைக்காரர் பெஞ்சைத் துடைத்துப் போனார்.

"ஊருக்கு ஒரு கடுதாசி போடுங்கன்னேன். 'என்னன்னு எழுத ராவுத்தரே'ன்னாரு. ஒரு தாளக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. பெறகு மடிச்சுப் பையில வச்சுக்கிட்டாரு."

பஸ் வந்தது. ராவுத்தர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "தம்பி, நான் பாத்தேன்னு வேணாம். பாத்தவுக சொன்னாகன்னு சொல்லுங்க. ஒரு பொம்பளப்புள்ள கண்ணீரு என் பேர்ல விழ வேணாம்."

வீட்டுக்கு வந்தேன். சோளச் சோறு, துவையல். மதினி: "தாள் கெடச்சுச்சா?" கிடைத்தது என்றேன்.

8 ஜூன், சனி

சொல்லவில்லை.

யார் சொன்னால் யாருக்கு எது தெரியும்:

அப்பா. தெரியாது. தெரிந்தால் கையெழுத்துப் போடுவார். போட்டுவிட்டு அதற்குப் பிறகு எப்படி நடமாடுவார் என்று தெரியவில்லை.

மதினி. தெரியாது.

அண்ணன். தெரியும். எழுதவில்லை.

நான். நேற்று மத்தியானத்திலிருந்து தெரியும்.

எல்லாம் அறிந்தவன். ஆதியிலிருந்தே தெரியும். ஆனால் அவனிடம் யாரும் "நீ ஏன் சொல்லவில்லை" என்று கேட்பதில்லை. கேட்காத இடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் அவன் சௌகரியம்.

மாலை, அடுப்பெரிக்கும் பருத்திமார்க் கட்டை உள்ளே தூக்கி வைக்கச் சொன்னாள் மதினி. வைத்தேன். "என்ன, ரெண்டு நாளா மொகம் சொணங்கிக் கெடக்கு? கதையில யாரும் செத்துட்டாகளா?"

"இல்ல."

"சாகடிச்சிராதீக."

11 ஜூன், செவ்வாய்

அத். 3, 4 பிறகு வரட்டும் என்று விட்டு, மூன்று நாளில் ஒரே மூச்சாக அத். 5. மதினி கண் வழியாக. அவள் மனசுக்குள் புகுந்து. அவளுக்குத் தெரியாதது கதைக்கும் தெரியாது, ஆகவே நான் எதையும் மறைக்கவில்லை. இப்படிச் சொல்லிக்கொண்டேன். காத்திருத்தல் பற்றி எட்டுப் பக்கம். வாசல், புழுதி, தூரத்தில் பஸ் சத்தம். நல்ல நடை.

பிரதி எடுக்கக் கொடுத்தேன்.

12 ஜூன், புதன்

பிரதி எடுக்காமலே திரும்பி வந்தது.

"இது யாரு?"

"கதாநாயகன் பொண்டாட்டி."

"எட்டுப் பக்கமா வாசலையே பாத்துக்கிட்டு நிக்கிறா. சோறு யாரு பொங்குறா அந்த வீட்டுல?"

தாள்களை வாங்கி அடுக்கினேன்.

"நான் எப்ப தம்பி வாசல்ல நின்னேன்? மாட்டுக்குத் தண்ணி காட்டவே பொழுது பத்தல. நெனப்பு வர்றது வேற. அது அடுப்பு ஊதுறப்ப வரும், முள்ளு எடுக்கிறப்ப வரும். நிக்க வச்செல்லாம் வராது."

அத். 5ஐக் கிழித்தேன். எட்டுப் பக்கம் மஞ்சள் புல்ஸ்கேப். முகத்தில் அறைந்த மாதிரி என்று எழுதப் போனேன். அப்படி இல்லை. அவள் சொன்னது சரி என்பதால் வரும் எரிச்சல், அவ்வளவுதான். அவளுக்குள் புகுந்தேனாம். வாசல்வரைகூடப் போகவில்லை.

13 ஜூன், வியாழன்

மத்தியானம் மதினி விண்ணப்பத் தாளை எடுத்து வந்தாள். "இங்கிலீஷா இருக்கு. நெரப்பி மட்டும் வைங்க. மாமா மனசு மாறுனா இருக்கட்டும்." தானாக அவள் எடுத்து வந்தது இதுதான் முதல் தடவை.

பெயர். எஸ்தர். வயது. படிப்பு. கணவர் பெயர்: நானே எழுதினேன். அவள் அந்தப் பக்கம் திரும்பி நின்றாள்.

கணவர் இப்போது இருக்கும் இடம்.

பேனா நின்றது.

"தெரியாதுன்னு எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். என் கையால், தெளிவாக, ஒரு தடவைகூட அடிக்காமல். தாளின் அடியில் "மேலே கண்டவை யாவும் நான் அறிந்தவரை உண்மை" என்று அச்சு. அந்த "நான்" மதினி. கையெழுத்திட்டாள். அவள் அறிந்தவரை உண்மைதான்.

தூங்கவில்லை என்று எழுத வேண்டாம். தூங்கினேன். அதுதான் கேவலம்.

15 ஜூன், சனி

இனி "நான்"தான். முடிவு.

அத். 6 எழுதினேன். காலை ஆறு முதல் பதினொன்று வரை, கை நிற்காமல். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தம்பி. டீக்கடை. ராவுத்தர். ஈப்போ. அந்த வீடு, அந்தச் சோறு. இரண்டு பிள்ளைகளை ஒன்றாக்கினேன். வீடு திரும்புகிறான், சொல்லவில்லை, சாப்பிடுகிறான். தாளில் இருக்கிறது எல்லாம். வாசித்தால் புரிந்துவிடும். வாய் திறக்க வேண்டியதில்லை.

கொடுக்கும்போது கை நடுங்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. தாள்கள் வரிசை மாறாமல் இருக்க நூல் கட்டிக்கூடக் கொடுத்தேன்.

"இன்னைக்கே வேணுமா?"

"மெதுவா எழுதுங்க."

16 ஜூன், ஞாயிறு

கோயில். பிரசங்கம் காதில் விழவில்லை. மதினி பாடினாள்.

மத்தியானம் அவள் எழுத உட்கார்ந்த நேரத்துக்கு நான் வீட்டில் இல்லை. கண்மாய்க்குள் நடந்தேன். தரை பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. உள்ளங்கை போகும் வெடிப்பு. நடுவில் ஒரு ஆடு நின்று எதையோ தின்றுகொண்டிருந்தது. எதை என்று தெரியவில்லை. வெகு நேரம் நின்று பார்த்தேன்.

திரும்பி வந்தபோது வீடு வழக்கம்போல. அப்பாவுக்கு வெந்நீர். எனக்குக் கூழ். ஒன்றும் இல்லை.

17 ஜூன், திங்கள்

பிரதி வந்தது. பத்துப் பக்கம், அச்சுப்போல. ஒரு அடித்தல் இல்லை. அந்த வீட்டில் அவர்கள் சாப்பிட்டார்கள், அவர்கள் சிரித்தார்கள், அவர்கள் மடியில் குழந்தை. பெயருக்கெல்லாம் வெற்றிடம்.

மதினி சாணம் கரைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"சரி, கதைக்காக அவுகளுக்கு இன்னொருத்தியக் கட்டி வச்சுட்டீக."

நான் நின்றேன்.

"இந்த அத்தியாயம்தான் நல்லா இருக்கு. கையி தானா ஓடுச்சு. ஒண்ணு மட்டும் நம்பும்படியா இல்ல."

"என்னது?"

"அந்தக் கொழுந்தன். அவன் டீக்கடையில இவ்வளவையும் கேட்டுட்டு வாரான். வந்து அந்தப் பொம்பள கையால சோறு வாங்கித் தின்னுட்டுத் திண்டுல சாஞ்சு படுத்துக்கிடுறான். மறுநாளும் திங்கிறான். அப்பிடி ஒருத்தன் இருப்பானா?"

அவன். மதினி வாயில் நான் கேட்ட முதல் "அவன்". நான்.

"ஏதாவது காரணம் சொல்லி மாத்துங்க" என்றாள். சாணத்தைக் குனிந்து தெளித்தாள். முற்றம் முழுக்க, சீராக.

எதிர்பாராதது இது. அழுவாள் என்று நினைத்தேன், பேசாமல் இருப்பாள் என்று நினைத்தேன். கதை என்று எடுத்துக்கொள்வாள் என்று மட்டும் தோன்றவில்லை. நாவலில் வரும் "நான்" யாருமில்லை என்று படித்தது நான். அவளுக்கு அது படிக்காமலே தெரிகிறது.

இன்னும் மூன்று நாள்.

18 ஜூன், செவ்வாய்

சொன்னேன்.

சுளகில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா மாட்டைக் கொண்டு போயிருந்தார்.

"மதினி, அந்த ஆறாவது அத்தியாயம் கதை இல்ல. உங்ககிட்டச் சொல்லணும்."

புடைப்பது நிற்கவில்லை. உமி பறந்தது.

"வீரசோழன் ராவுத்தர் சொன்னாரு. அவரே அந்த வீட்டுல சாப்பிட்டிருக்காரு."

இன்னும் நாலைந்து தடவை புடைத்தாள். பிறகு சுளகு மடியில் நின்றது.

"அவுக சொகமா இருக்காகளா?"

"இருக்காகளாம்."

"ஒரு புள்ளையா?"

"ரெண்டு."

"ஒண்ணுன்னு எழுதியிருந்தீக."

"கதைக்காகக் கொறச்சேன்."

"எதுக்கு?"

சட்டையில் விழுந்த உமியைத் தட்டினேன்.

"எப்பத் தெரியும்?"

"தாள் வாங்கப் போனேனே, அன்னைக்கு."

விரலை மடக்கி எண்ணினாள். சுற்றி வந்து மறுபடி முதல் விரல். "பதினோரு நாளு. அப்ப அந்தப் பாரத்துல தெரியாதுன்னு எழுதுனது?"

"தெரிஞ்சுதான் எழுதுனேன்."

அண்ணனைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. சுளகில் கல் பொறுக்கியபடி, என்னைப் பார்க்காமல்:

"வாயால சொல்லியிருக்கலாம். என் கையாலயே எழுத வச்சீகளே, தம்பி."

சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் உலக்கைச் சத்தம். அந்தப் பத்துப் பக்கம் ஞாபகம் வந்தது. அந்தப் பெண் சோறு போட்டாள் என்று அவள் எழுதியிருக்கிறாள். குழந்தை மடியில் ஏறியது என்று எழுதியிருக்கிறாள். காற்புள்ளி வைத்து.

தன்மை, படர்க்கை என்று பதினைந்து நாள் அலைந்தேன். இலக்கணத்தில் இடம் மூன்று. எதிரே இருப்பவரிடம் சொல்வது என்று ஒன்று உண்டு. நாவலுக்கு ஆகாது என்று அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

19 ஜூன், புதன்

அப்பாவிடம் நான் சொல்கிறேன் என்றேன். "வேணாம். நீங்க அத்தியாயம் அத்தியாயமா இழுப்பீக. நான் சொல்லிக்கிடுறேன்."

காலைக் கூழ் ஊற்றும்போது சொன்னாள். அடுத்த அறையிலிருந்து கேட்டேன்.

"மாமா, அவுக அங்கன குடும்பமா இருக்காகளாம். பாத்தவுக சொன்னாக. கையெழுத்துப் போடுங்க."

அவ்வளவுதான். மூன்று வாக்கியம்.

அப்பா கூழ்க் கிண்ணத்தைத் தரையில் வைக்கும் சத்தம். பிறகு: "ஏலே, பேனா எடுத்துட்டு வா."

கொண்டு போனேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார். மாமனார் என்ற கோட்டில் கையெழுத்து. பிறகு நான் "தெரியாது" என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். "இது?"

"அடிச்சுரவா?"

மதினிதான் சொன்னாள்: "இருக்கட்டும். அவுக எடம் எனக்குத் தெரிய வேணாம்."

நாளை காலை பஸ். அப்பா கூடப் போகிறார். தாளைக் கையோடு கொடுத்துவிட்டு, பள்ளி திறக்கும்வரை மதுரையில் அவள் சின்னம்மா வீடு. நானும் வருகிறேன் என்றேன். "மாடு இருக்கு" என்றாள்.

20 ஜூன், வியாழன்

போனார்கள். ஒரு தகரப் பெட்டி, ஒரு பை. போகும்போது என்னிடம்: "கன்னுக்குட்டிக்குத் தனியாத் தண்ணி வைங்க. தாய்கூட விட்டா முட்டும்."

காற்று. கதவு அடித்துக்கொண்டே இருந்தது. கல் வைத்தேன்.

21 ஜூன், வெள்ளி

கன்றுக்குத் தண்ணீர். எனக்கு நேற்றைய கூழ்.

இனி பிரதி எடுக்க நான்தான். நாவல் தாள் கட்டை அவிழ்த்தேன். அத். 1, 2 ஒழுங்காக. அத். 6 இல்லை. அவள் பிரதியும் இல்லை, என் கிறுக்கலும் இல்லை. அலமாரி, பாய்க்கு அடி, எங்கும் இல்லை. அடுப்பைக் கிளறினேன். பருத்திமார்ச் சாம்பல், தாள் சாம்பல் இல்லை. கொண்டுபோயிருக்கிறாள்.

வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் திரும்ப எழுதிவிடலாம். உட்கார்ந்தேன். எழுந்தேன். மாட்டைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். அந்த அத்தியாயம் இல்லாமல் நாவல் இல்லை. தெரிந்துதான் எடுத்திருக்கிறாள்.

வேறு தாள் எடுத்தேன். "மதினி அவர்களுக்கு." அடுத்த வரி "நான்" என்று வந்தது. அடித்தேன்.

"நீங்கள் கொண்டுபோனது உங்களுடையது. நான் திரும்ப எழுத மாட்டேன்."

தபால் பையை மூன்று மணிக்குக் கட்டிவிடுவார்கள்.